தொண்ணூற்று நான்கு ராத்திரி

ரோலாண்டா ப்ரூயிட் பதினாலு வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள். க்ளீவ்லாண்டின் கிழக்குப் பக்கத்தில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரி வாசலில் நிறுத்தி வம்பளப்பாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வலது முழங்கால் தேய்ந்து தபால் பையை இறக்கிவைத்தபோது அவளுக்கு வயது நாற்பத்துமூன்று. சும்மா உட்காரத் தெரியாத பிறவி. மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, தெருவில் கிடக்கும் மனநோயாளிகளைத் தேடிப்போய்ப் பார்க்கும் ஒரு சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'கேஸ் மேனேஜர்' என்று போட்டிருக்கும். மேனேஜர் என்றதும் மேசை, நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஓட்டை வேன், அதன் பின்பக்கம் இருநூறு ஜோடி காலுறை, ஒரு பெரிய காப்பிக் குடுவை. அவள் ஆபீஸ் அதுதான்.

"முன்னாடி விலாசம் இருக்கறவங்களுக்குக் கடுதாசி கொண்டுபோனேன். இப்ப ஆளுங்களுக்கு விலாசம் தேடிக்கிட்டு அலையறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். ஒன்பது வருஷமாக அதே வார்த்தை. சிரிப்பு மட்டும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் குறைந்துகொண்டு வந்தது.

காலுறையை அள்ளி அள்ளிக் கொடுப்பாள். எங்கள் ஊர்த் தெருக்களில் ஆளைப் பழக்கிக்கொள்ள வேறு வழியில்லை. சாப்பாடு தேவாலயத்தில் கிடைக்கும், கோட்டு எவனாவது தானம் செய்வான். ஈரமில்லாத காலுறை எந்தப் புண்ணியவானுக்கும் ஞாபகம் வராது. ஜனவரியில் ஈரக் காலுறையோடு இரண்டு ராத்திரி கிடந்தால் விரல் போய்விடும்.

லோவெல் ஹுடாக் காலுறையைக்கூட வாங்கவில்லை. ஆற்றங்கரையில் இரும்புப் பாலத்துக்கு அடியில், பெரிய கான்கிரீட் கட்டை ஒன்றுக்குப் பின்னால் இருந்தார். வயது அறுபத்தொன்று. ஒரு காலத்தில் இரும்புத்தாது ஏற்றி வரும் கப்பல்களில் டெக்கில் வேலை பார்த்தவர். குயஹோகா ஆறு அந்த இடத்தில் பாம்பு மாதிரி வளையும். அறுநூறு அடிக் கப்பல் அந்த வளைவில் உரசாமல் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கப்பல் ஊதும் சங்குக்குப் பதில் சொல்வதுபோல நெற்றியில் கை வைத்து சல்யூட் அடிப்பார். சங்கு என்ன சொல்கிறதென்று அவருக்கு மட்டும் கேட்கும். எழு என்றால் எழுவார், சாப்பிடாதே என்றால் சாப்பிடமாட்டார்.

அவரிடம் எதையும் கையில் கொடுக்கக் கூடாது. கட்டைமேல் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எடுப்பார். ரோலாண்டா எட்டு மாதம் அப்படியே செய்தாள். ஐந்து சர்க்கரை போட்ட காப்பி. வைப்பாள், பின்வாங்குவாள், "நல்லாயிருங்க, மிஸ்டர் ஹுடாக்" என்பாள், போவாள். பாலத்தடியில் அவரை யாரும் 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிட்டதில்லை. ஒன்பதாவது மாதம் ஒரு நாள் அவரே வாயைத் திறந்தார்.

"தினமும் ஒரே நேரத்துக்கு வர்றே. நீ என்ன தபால்காரியா?"

"ஆமா, சார். பதினாலு வருஷம்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பொய் சொல்லலியே?"

"உங்ககிட்ட எதுக்குங்க பொய்?"

அன்றிலிருந்து அவள் 'தபால்காரம்மா' ஆகிவிட்டாள். அவள் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: யார் எந்த ஆபீஸில் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். மாற்றி மாற்றிச் சொன்னால் காகிதம் நிற்காது. பாவி, தன் வாயாலேயே சொல்லிக்கொடுத்தாள்.

காகிதம் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்க வாடகையில், நர்ஸ் வந்து பார்த்துப்போகும்படியான தனி அறை சிலருக்குக் கிடைக்கும். ஒரு முழு வருஷம் விடாமல் தெருவில் கிடந்ததை நிரூபித்தவனுக்கு மட்டும். எப்படி நிரூபிப்பது? ரோலாண்டாவைப் போன்ற ஒருத்தி, "இந்தத் தேதியில் இந்த ஆளை இந்தப் பாலத்தடியில் என் கண்ணால் பார்த்தேன்" என்று மாதாமாதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பதினெட்டுக் கடிதம் எழுதினாள். நடுவில் ஆஸ்பத்திரியிலோ ஜெயிலிலோ அந்த ஆள் தொடர்ந்து தொண்ணூறு நாள் இருந்துவிட்டானோ, தீர்ந்தது. அவன் தெருவாசி இல்லை. கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. எந்த மகராசன் உட்கார்ந்து எழுதிய விதியோ, வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ரோலாண்டாதான் அதைப் பாடம் நடத்துவாள். "தொண்ணூறு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்" என்பாள்.

அந்தக் குளிர்காலம் வழக்கத்தைவிட மோசம். ஜனவரி பிறந்ததுமே ஏரி உறைந்தது, கப்பல் போக்குவரத்து நின்றது. சங்கு நின்றுபோனதும் லோவெலுக்குள் இருந்த மற்ற குரல்களைத் தட்டிக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. தண்ணீரில் விஷம் என்றன. மூன்று நாளாக அவர் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. நாலாம் நாள் ரோலாண்டா போனபோது பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். இடது காலில் இரண்டு விரல் கறுத்திருந்தன.

ஆளை அவர் சம்மதமில்லாமல் தூக்கிப்போக எங்கள் மாநிலத்தில் ஒரு சீட்டு உண்டு. பிங்க் சீட்டு என்பார்கள். டாக்டரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினாள். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கும்போது லோவெல் சத்தம் போடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தபால்காரம்மா, நீயா கூட்டியாந்தே?"

"ஆமா, சார். நான்தான்."

 இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டிய நம்பிக்கை ஒரே சீட்டில் போயிற்றே என்று வேனில் உட்கார்ந்து அழுதாள்.

பொது ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்தார்கள். காயம் ஆறிவர, ஒன்பதாம் நாள் சாயங்காலம் வார்டிலிருந்து பெயரை அடித்துவிட்டார்கள். மனநல ஆஸ்பத்திரியின் வண்டியோ மறுநாள் காலையில்தான் வரும் என்றார்கள். படுக்கையைக் காலி செய்தாயிற்று. வாசல் பக்கத்து நடைவழியில் ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். காவலுக்கு யாருமில்லை. தானே திறந்து மூடும் கண்ணாடிக் கதவு பத்தடி தூரத்தில். ரோலாண்டாவுக்கு அங்கே தங்க அனுமதி இல்லை. இவர் எழுந்து போய்விடுவார், காலையில் வந்து பார்த்தால் பெஞ்சு காலியாக இருக்கும் என்று அவளுக்கு நிச்சயம். இருந்தாலும் சொன்னாள்.

"மிஸ்டர் ஹுடாக், இங்கயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க. காலையில நான் வர்றேன்."

அவர் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை ஆறரைக்குப் போனாள். கட்டுப் போட்ட காலை நீட்டி, முதுகு நிமிர்ந்து, ராத்திரி விட்டுவிட்டுப் போன அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவள் காப்பியைப் பெஞ்சில் வைக்கக் குனிந்தாள். அவர் கையை நீட்டினார். முதல் தடவையாகக் கையிலிருந்து வாங்கிக் குடித்தார்.

அதன்பிறகு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அதுதான் எனக்கு ஆற்றாமை. மாத ஊசி அவருக்கு ஒத்துக்கொண்டது. குரல்கள் தூரப் போயின. பிப்ரவரியில் தன் அம்மா பெயரைச் சொன்னார். மார்ச்சில், அம்மா வெள்ளிக்கிழமை செய்யும் உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டையில் வெங்காயம் எவ்வளவு வதங்க வேண்டும் என்று சமையல்காரியோடு சண்டை போட்டார். வழக்கமாகப் பத்து நாளில் ஊசியைப் போட்டுத் தெருவில் தள்ளிவிடும் ஆஸ்பத்திரி இந்தத் தடவை ஆளை வைத்துக்கொண்டது. ரோலாண்டா வாரம் தவறாமல் கோர்ட்டுக்கும் டாக்டருக்கும் எழுதி நச்சரித்ததால்தான் வைத்துக்கொண்டது.

அறையும் வந்தது. ஆறாவது மாடி, ஒற்றை ஜன்னல். ஜன்னலில் நின்றால் ஆற்று வளைவு தெரியும். ரோலாண்டா போட்டோ எடுத்துக் காட்டினாள். லோவெல் போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கப்பல் தெரியுமா?"

"தலைகீழா நின்னு பார்த்தாலும் தெரியும்."

"நான் ஏன் தலைகீழா நிக்கறேன்? நேரா நின்னே பார்க்கறேன்" என்றார். அவர் சொல்லி அவள் கேட்ட முதல் வேடிக்கை அது. ஆபீஸில் எல்லோரிடமும் போய்ச் சொன்னாள்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து பெத் கூப்பிட்டாள். அங்கே டிஸ்சார்ஜ் வேலைகளைப் பார்க்கும் பெண். "நாளைக்கு அனுப்பிடறோம், ரோலாண்டா. எண்பது நாள் ஆச்சு."

"ஐயோ, நாளைக்கா? அறையில ஹீட்டர் பரிசோதனை செவ்வாய்க்கிழமைதான் முடியுது. புதன்கிழமைதான் சாவி. அதுவரைக்கும் எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"வீடில்லாதவங்க விடுதியில?"

"போன தடவை அங்கதான் பூட்ஸைத் திருடிட்டாங்க. ஒரே ராத்திரியில ஓடிட்டாரு. பனி வேற கொட்டப்போவுதுங்கறான். அஞ்சு நாள், பெத். அஞ்சே அஞ்சு நாள். உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

எண்பதும் ஐந்தும் எண்பத்தைந்து. தொண்ணூறுக்குள் அடக்கம் என்று விரல்விட்டுப் பார்த்துக்கொண்டாள். பெத் மேலே பேசி வாங்கிக் கொடுத்தாள். ரோலாண்டா சனிக்கிழமை வீட்டில் வெண்ணெய் கேக் செய்து அந்த வார்டு நர்ஸ்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை காலை. ஆஸ்பத்திரி வாசலில் லோவெல் புதுக் காலுறையும் புதுச் சட்டையுமாக வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய சாமான்கள் ஒரு காகிதப் பையில். ரோலாண்டாவின் மேலதிகாரி மொரீன் போனில் வந்தாள். ரோலாண்டா வேனை விட்டு இறங்கி நின்று பேசினாள்.

"ரோலாண்டா, உக்காந்திருக்கியா?"

"நின்னுக்கிட்டிருக்கேன். என்ன விஷயம், சொல்லு."

"வீடு ஒதுக்கற ஆபீஸ்ல மிஸ் ஃபஸ்கோ ஃபைலைப் பார்த்திருக்கா. எண்பத்தஞ்சு இல்லையாம். தொண்ணூத்திநாலாம்."

"என்ன உளர்றே?"

"கால் விரல் எடுத்தாங்களே, அந்த ஒம்பது நாளு. அதுவும் ஆஸ்பத்திரிதானே."

வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்ல வேண்டும் என்று மிரட்டுகிறவள். அவள் மனதில் அது காலுக்குப் பார்த்த வைத்தியம். கணக்கு மனநல ஆஸ்பத்திரியின் வாசலில்தான் தொடங்கியது. வெள்ளிக்கிழமையே விட்டிருந்தால் எண்பத்தொன்பது. கும்பிட்டுக் கேட்டு வாங்கிய ஐந்து நாள் மென்னியைத் திருகிவிட்டது.

"இன்னும் முடிச்சிடல அவ" என்றாள் மொரீன், குரலைத் தாழ்த்தி. "பொது ஆஸ்பத்திரி காகிதத்துல ஜனவரி இருபதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிய அனுப்பினதா இருக்கு. அடுத்தது இருபத்தொண்ணு காலை ஏழே முக்காலுக்குத்தான் சேர்த்ததா இருக்கு. நடுவுல ஒரு ராத்திரி. அது எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. அவர் பாலத்தடிக்குப் போயிருந்தா தொடர்ச்சி அறுந்துடும். எண்பத்தஞ்சு ஆயிடும். ஃபஸ்கோ அவர்கிட்டயே நேராக் கேப்பா. நான் ஒண்ணும் சொல்லல. கேப்பான்னு மட்டும் சொல்றேன்."

ரோலாண்டா வேனில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கடிதத் தாளை எடுத்தாள். "ஜனவரி இருபதாம் தேதி இரவு இந்த ஆளைப் பாலத்தடியில் என் கண்ணால் பார்த்தேன்." கையெழுத்துப் போட்டாள். பதினாலு வருஷத்தில் ஒரு கடிதத்தைக்கூட வேறு வீட்டில் போடாதவள். ஒரு மனிதனுக்குக் கூரை கிடைக்குமென்றால் இந்தப் பொய் எனக்கு வலிக்காது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வலிக்கவும் இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியம்.

"மிஸ்டர் ஹுடாக், அந்த அம்மா உங்ககிட்ட ஒரு கேள்வி கேப்பாங்க. அந்த பெஞ்சுல உக்காந்திருந்தீங்களே, அந்த ராத்திரி. எங்க இருந்தீங்கன்னு கேப்பாங்க. பாலத்துக்குப் போயிட்டேன், காலையில வந்தேன்னு சொல்லுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "நான் போகலியே."

"தெரியும். ஆனா போனேன்னு சொல்லணும். சொன்னாத்தான் அறை."

"போனேன்னு."

"ஆமா. போனேன்னு."

அவர் காகிதப் பையின் வாயை மடித்தார், பிரித்தார், மடித்தார். வழி நெடுக அவள் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் "போனேன்" என்றார்.

மிஸ் ஃபஸ்கோ கெட்டவள் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். வயதான பெண், நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். லோவெல் தண்ணீரை வாங்கி முழுவதும் குடித்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்களைப் பார்க்கவே சந்தோஷமா இருக்குங்க. உடம்பு நல்லாத் தேறியிருக்கு" என்றாள் அவள். "ஒரே ஒரு கேள்விதான். ஜனவரி இருபதாம் தேதி சாயங்காலம் அனுப்பிட்டாங்க. மறுநாள் காலையில அடுத்த ஆஸ்பத்திரி. நடுவுல அந்த ராத்திரி எங்க தூங்கினீங்க?"

லோவெல் ரோலாண்டாவைப் பார்த்தார். ரோலாண்டா தலையை லேசாக ஆட்டினாள்.

"தூங்கலீங்க" என்றார் அவர். "உக்காந்திருந்தேன்."

"எங்கங்க?"

"பெஞ்சுல." அப்புறம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ரோலாண்டா அதை இரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை. "கதவு திறந்தே இருந்துச்சும்மா. காவலுக்கு ஒருத்தர் இல்ல. உள்ள இருக்கறதெல்லாம் போ போன்னுச்சு. இந்தம்மா எங்கயும் போகாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருந்தாங்க. நான் போகல. ஒண்ணுக்குக்கூட எந்திரிக்கல. எண்ணிக்கிட்டே வந்தேன், தொண்ணூத்திநாலு ராத்திரிம்மா, ஒரு ராத்திரிகூட நான் வெளிய போகல. வேணும்னா இவங்களையே கேட்டுப் பாருங்க."

மிஸ் ஃபஸ்கோ ரோலாண்டாவைப் பார்த்தாள். கேட்டாள்: "அப்படிங்களா?"

கடிதம் ரோலாண்டாவின் பையில் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்து, "அவருக்கு ஞாபகமில்லை, நோய்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனநோயாளி பேச்சைவிட அவள் கையெழுத்துக்கு எங்கள் ஊரில் மதிப்பு அதிகம். லோவெல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி. அவர் வாழ்நாளில் ஒருத்தர் சொன்னதைக் கடைசிவரை செய்து முடித்தது அந்த ஒரு ராத்திரிதான். அதைப் பொய் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"ஆமாங்க" என்றாள். "உக்காந்துதான் இருந்தாரு."

அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. மொரீன் பதினைந்து நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "உன் மனசாட்சிக்கு ஆறாவது மாடியில அறை குடுத்துட்டே. அவருக்குக் குடுக்கல" என்று ஒரு தடவை சொன்னாள். ரோலாண்டா மேல்முறையீடு எழுதினாள். அதையும் தள்ளினார்கள். அறை வரிசையில் அடுத்தவருக்குப் போயிற்று.

லோவெல் விடுதியில் இரண்டு ராத்திரி இருந்தார். புதுக் காலுறை போயிற்று, பூட்ஸ் போயிற்று. மூன்றாம் நாள் பாலத்தடிக்குத் திரும்பினார். அவளைக் கோபிக்கவில்லை. "உள்ளதைத்தானே சொன்னோம், தபால்காரம்மா? அப்புறம் ஏன் குடுக்கல?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.  அவள் பாலத்தடியில் நின்று அந்த விதியை நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் அன்னிக்கு எந்திரிச்சுப் போயிருக்கணும்" என்றார்.

மே மாதம் ஊசிக்கு வந்தார். ஜூனிலும் வந்தார். ஜூலையில், கப்பல் சங்கு போகாதே என்கிறது என்று வேனில் ஏற மறுத்தார். ஆகஸ்டில் காப்பியை அவள் கையிலிருந்து வாங்கவில்லை. கட்டையைக் காட்டினார்.

அக்டோபரில் ஒரு காலை. ஆற்றின்மேல் குளிர்காற்று இறங்க ஆரம்பித்திருந்தது. ரோலாண்டா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள். காப்பியையும் இரண்டு ஜோடி காலுறையையும் கட்டைமேல் வைத்தாள். பத்தடி பின்வாங்கினாள். அவர் எழுந்து வர வெகுநேரம் ஆயிற்று. காலுறையை விட்டுவிட்டுக் காப்பியை மட்டும் எடுத்தார். மோந்து பார்த்தார். தரையில் ஊற்றினார்.

"யாரு உன்னை அனுப்பினது?" என்றார்.

"யாரும் அனுப்பல, மிஸ்டர் ஹுடாக். நான்தான். தபால்காரம்மா."

அவர் கட்டைக்குப் பின்னால் போய்விட்டார்.

அவள் தாளை எடுத்துத் தேதி போட்டு, இந்த ஆளை இந்தப் பாலத்தடியில் என் கண்ணால் பார்த்தேன் என்று எழுதினாள். அது ஆறாவது கடிதம். இன்னும் ஆறு வேண்டும். அதுவரை அவர் இதே இடத்தில், இதே குளிரில், விடாமல் கிடந்தால்தான் மறுபடி வரிசையில் பெயர் வரும். வேறு எங்காவது எழுந்து போய்விட்டால் இந்த ஆறும் வீண். மேலே ஏறுமுன் திரும்பி நின்று, ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியதை அன்றும் சொன்னாள்.

"இங்கயே இருங்க, மிஸ்டர் ஹுடாக். எங்கயும் போயிடாதீங்க. காலையில நான் வர்றேன்."